குறுமீனின் நாடி

தருமபுரம், காரைக்கால்
12 செப்டம்பர் 2025

மதி,

என் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறியிருப்பாய். யாரும் போகவில்லை. நாம் பேசி மூன்று வருஷம் ஆகிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு அந்த வார்டு ஞாபகம் வரும். எட்டாம் மாதத்தில் மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். நீ கால்மாட்டில் நின்றுகொண்டு, "போதும்க்கா, விட்டுடு. ஒரு பிள்ளைய தத்தெடுத்துக்க" என்றாய். என் மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல எண்ணத்தில் சொன்னாய் என்று உன் அத்தான் இன்றுவரை உனக்காக வக்காலத்து வாங்குகிறார். நல்ல எண்ணத்துக்கும் நேரங்காலம் இருக்கிறதல்லவா?

நான் விடவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இது ஐந்தாம் மாதம்.

வீட்டில் இருப்பவர்களைத் தவிர பக்கத்து வீட்டு மஹ்பூபாவுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. மீன் வாசனைக்கு நான் கொல்லைப்பக்கம் ஓடியதை அவள் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் முதுகுவலி என்று சொல்லி லீவு எடுத்திருக்கிறேன். வளைகாப்பு கிடையாது. போன தடவை கை நிறைய அடுக்கிய வளையல்களை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ்தான் கழற்றினாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுது. போன் செய்யாதே. அன்றைக்கு என் போனில் அடைத்துவைத்த உன் நம்பரை நான் இன்னும் திறந்துவிடவில்லை.

மங்கை

---

லடாக்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எனக்கு நட்சத்திரங்களைப் பற்றித்தான் எழுத வரும், உனக்கு எழுத வராது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது பிள்ளை வேண்டாம் என்பதற்காக இல்லை. நீ எனக்கு வேண்டும் என்பதற்காக. உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. எனக்குப் பயம். பயத்தில் வாய்க்கு வந்தபடி பேசினேன். மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் அதையேதான் சொல்வேனோ என்னவோ. ஆனால் இந்த முறை வெளியே போய் நின்று சொல்வேன்.

டாக்டர் என்ன சொல்கிறார்? ஸ்கேன் எடுத்தாயா? எடை என்ன? எல்லாவற்றையும் எழுது. எண்களாக எழுது.

நான் இருக்கும் இடத்தில் புல்கூட முளைப்பதில்லை. மலைமேல் ஒரு தொலைநோக்கி, சுற்றி மண்ணும் கல்லும். நாலு வருஷமாக ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நமக்குப் பக்கத்து வீடு என்று சொல்லக்கூடிய தூரம்தான், ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு மங்கல். சிவப்புக் குறுமீன் என்று அதற்குப் பெயர். சூரியனில் கால்வாசிகூட இல்லாத சின்ன நட்சத்திரம். அதைச் சுற்றி நம் பூமியைப்போல ஒரு சின்னக் கிரகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிரகம் நம் கண்ணில் படாது. ஆனால் அது சுற்றும்போது நட்சத்திரத்தையும் துளி அசைக்கும். நட்சத்திரம் நம்மைப் பார்த்து வரும்போது அதன் ஒளி கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். ஆம்புலன்ஸ் நம் வாசலுக்கு வரும்போது ஒரு சத்தமும் தாண்டிப் போகும்போது வேறு சத்தமுமாகக் கேட்கிறதே, அதே விஷயம்தான். டாப்ளர் விளைவு என்பார்கள். நாங்கள் தேடும் அசைவு ஒரு ஆள் மெதுவாக நடக்கும் வேகம்தான். நட்சத்திரம் சின்னதாக இருப்பதால்தான் அந்த அளவாவது தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். படிகளில் நிதானமாக ஏறு.

மதி

---

தருமபுரம்
6 அக்டோபர் 2025

மதி,

குறுமீனாம். படித்ததும் எனக்கு நெத்திலிதான் ஞாபகம் வந்தது. காரைக்கால்மேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் செல்லம்மாவிடம், "எந் தங்கச்சி நாலு வருசமா ஒரு குறுமீனப் புடிக்கப் பாக்குறா" என்றேன். "வல கிழிஞ்சிருக்கும், தச்சிக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்றாள். உன் அத்தான் வேறு, இங்கே ஊர் உலகமெல்லாம் திருநள்ளாறுக்கு வந்து ஒரு கிரகத்திடமிருந்து தப்பிக்கப் பார்க்கிறது, உன் தங்கை புதிதாக ஒன்றைத் தேடுகிறாள் என்று சிரிக்கிறார்.

நீ எண்கள் கேட்டாய். ஸ்கேன் எடுத்தேன். எடை குறைவு. மாதத்துக்கு உண்டான வளர்ச்சி இல்லை என்றார் டாக்டரம்மா. "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வாங்க, டாப்ளர் பாக்கணும், கொழந்தைக்கு ரத்தம் சரியாப் போவுதான்னு தெரியணும்" என்றார். நீ எழுதிய அதே பெயர்! நட்சத்திரத்துக்கும் அதுதான், எனக்கும் அதுதான் போலிருக்கிறது.

நான் போகப்போவதில்லை, மதி. அத்தானிடம் போய்விட்டு வந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்கேன் அறை எனக்கு ஆகாது. மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் எனக்கு இல்லை என்று சொன்னார்கள். வாயால்கூடச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே இருந்தவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்துவார்கள். அப்புறம் எனக்குத் தெரியாதபடி திரையை அந்தப் பக்கம் திருப்புவார்கள். மூன்று தடவையும் அப்படித்தான். நான்காவது தடவை அந்தத் திரை திரும்புவதைப் பார்க்க என் உடம்பில் தெம்பில்லை. நானாகப் போனால்தானே அவர்கள் திருப்புவார்கள்?

பைத்தியக்காரத்தனம் என்று எழுதாதே. எனக்கே தெரியும்.

மங்கை

---

லடாக்
17 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

பைத்தியக்காரத்தனம் என்று எழுதவில்லை. ஆனால் ஸ்கேனுக்குப் போ. முடிந்தால் போ.

போகவே முடியவில்லை என்றால் அதற்கும் ஒரு வழி யோசித்தேன். கையில் பிடிக்கிற டாப்ளர் கருவி ஒன்று கிடைக்கிறது. ஆன்லைனில் உன் முகவரிக்குப் போட்டுவிட்டேன். வயிற்றில் ஜெல்லைத் தடவி வைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு சத்தமாகக் கேட்கும், நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணும் காட்டும். நூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபதுக்குள் இருந்தால் நல்லது. திரையும் இல்லை, அதைத் திருப்ப ஆளும் இல்லை. நான் நட்சத்திரத்துக்குச் செய்வதை நீ வீட்டில் உட்கார்ந்து செய்யலாம். மூன்று வருஷத்தில் உனக்கு நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கேயும் ஒரு செய்தி. யாரிடமும் சொல்லாதே, அத்தானிடமும்தான். நட்சத்திரம் அசைகிறது. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு பக்கம் போய்த் திரும்பி வருகிறது. கணக்குப்படி பூமியைப்போல நாலு மடங்கு எடையுள்ள ஒன்று சுற்றினால் இப்படித்தான் அசையும். இந்தச் சின்ன நட்சத்திரங்களுக்குச் சூடு குறைவு. குளிர் காய வேண்டுமென்றால் கிரகம் ரொம்பப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். இது அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உறுதியாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்களுக்கும் வழக்கம். பிள்ளை உண்டானால் மூன்று மாதம் முடியாமல் வாய் திறக்கமாட்டீர்களே, அதேபோல. இந்த நட்சத்திரங்களுக்குக் கோபமும் அதிகம். மேலெல்லாம் கரும்புள்ளி, திடீர் திடீரென்று சீற்றம். அவற்றின் சொந்தக் குழப்பமே கிரகத்தைப்போல வேஷம் போடும். பலர் ஏமாந்திருக்கிறார்கள். நாங்கள் ஏமாறவில்லை என்றுதான் நினைக்கிறோம்.

மதி

---

தருமபுரம்
2 நவம்பர் 2025

மதி, என் தங்கமே,

கருவி வந்தது. முதல் நாள் வெறும் கரகரப்பு. வானொலியில் நிலையம் தேடுகிற மாதிரி வயிறெல்லாம் நகர்த்திப் பார்த்தேன். அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் நாள் இடப்பக்கம் கீழே வைத்ததும் பிடித்துக்கொண்டது. சளக் சளக் சளக் என்று, வாய்க்காலில் யாரோ அவசரமாக நடந்து வருகிற சத்தம். எண் நூற்று நாற்பத்தாறு! நான் உட்கார்ந்த இடத்திலேயே கைகொட்டினேன். அத்தான் ஓடிவந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். மனுஷர் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனை திரும்பும்வரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார்.

இப்போது எனக்கு இதுதான் வேலை. காலையில் ஒரு தடவை, சாப்பிட்டுப் படுக்கும்போது ஒரு தடவை. இன்னொரு அதிசயம் கேள். நான் மாடிக்குத் துணி உலர்த்தப் போய் இறங்கி வந்து கேட்டால் அவளுக்கும் துடிப்பு ஏறியிருக்கிறது. கொஞ்சம் படுத்திருந்துவிட்டுக் கேட்டால் இறங்கிவிடுகிறது. நான் எப்படியோ அவளும் அப்படி. வயிற்றுக்குள் இருக்கும்போதே அம்மாவோடு இவ்வளவு ஒட்டுதலா என்று இருக்கிறது. (அவள் என்றுதான் எழுதுவேன். யாரும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.)

ஸ்கேனைப் பற்றிக் கேட்காதே. இனி எதற்கு அது? என் காதால் கேட்கிறேனே.

உன்மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசி போய்விட்டது. கால்வாசியைச் செலவுக்கு வைத்திருக்கிறேன்.

மங்கை

---

லடாக்
12 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சமையல்கூடத்தில் நின்றுகொண்டே படித்தேன். நீ ஏறினால் அவளும் ஏறுகிறாள், நீ படுத்தால் அவளும் அடங்குகிறாள் என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவர் என்ன ஆச்சு என்று கேட்டார். நல்ல செய்தி என்றேன்.

இங்கேயும் நல்ல செய்திதான். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது. டிசம்பரில் அறிவிக்கலாம் என்கிறார் எங்கள் குழுத் தலைவர். பத்திரிகைக்காரர்களுக்குப் படம்கூட வரையச் சொல்லியாயிற்று. சிவப்பு வெளிச்சத்தில் ஒரு சின்ன உருண்டை.

ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. போன குளிர்காலத்தில் அந்த அசைவு நன்றாக இருந்தது. கோடையில் பாதியாகக் குறைந்தது. இப்போது மறுபடி ஏறியிருக்கிறது. கிரகத்துக்கு எடை மாறாது, அதனால் அசைவும் மாறக்கூடாது. கருவியின் இரைச்சலாக இருக்கும் என்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள். நானும் ஒதுக்கிவிட்டேன். நாலு வருஷம் காத்திருந்தவளுக்கு அதை ஒதுக்குவது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

மூன்று வாரத்தில் லீவு போடப் பார்க்கிறேன். நீ விட்டால் வருகிறேன்.

மதி

---

தருமபுரம்
24 நவம்பர் 2025

மதி,

நாலு நாளாக விடாத மழை. சம்பா நாற்று முழுகி நிற்கிறது. கோட்டுச்சேரிப் பக்கம் நம் நிலத்தில் வரப்பே தெரியவில்லையாம். உன் அத்தான் ஆபீசுக்கும் வயலுக்குமாக அலைகிறார். கடல் சத்தம் இங்கே படுக்கையில் கிடந்தால்கூடக் கேட்கிறது. வழக்கமாகக் கேட்காது.

எனக்கு ஒரு குறையும் இல்லை. குட்டிதான் இந்த வாரம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறாள். முன்பு சாப்பிட்டவுடன் உதைப்பாள், இப்போது எப்போதாவது ஒரு புரளல். மஹ்பூபா நேற்று வந்து உட்கார்ந்துகொண்டு, "அசைவு கொறஞ்சா வீட்ல உக்காந்திருக்கக் கூடாதுக்கா. கெளம்புங்க, நான் ஸ்கூட்டில கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கருவியை வைத்துக் காட்டினேன். நூற்று நாற்பத்து நாலு. "இதுல கேக்குதுதான், ஆனா..." என்று இழுத்தாள். என்ன ஆனா? மழைக்கு நாமே சுருண்டு படுக்கிறோம், அவள் படுக்கக்கூடாதா?

ராத்திரி இதைக் கேட்டுவிட்டு அத்தானும் ஸ்கேனுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தார். அக்டோபரில் நான் போகவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. நானும் கத்தினேன். அப்புறம் கருவியை வைத்தால் அவளுக்கு நூற்று அறுபத்தைந்து. "பாருங்க, நீங்க சத்தம் போட்டதுல புள்ள பயந்துடுச்சு" என்றேன். அதோடு அடங்கிவிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

புயல் வருமென்கிறார்கள். மழை விட்டதும் ஸ்கேனுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். போவேனா என்று நீ கேட்காதே.

நீ வா. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மங்கை

---

லடாக்
1 டிசம்பர் 2025

அக்கா,

இதைப் படிக்கும்போது நீ வீட்டில் இருந்தால், கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மீதியை அங்கே போய்ப் படி.

கிரகம் இல்லை. இன்னொரு தொலைநோக்கியிலிருந்து கணக்கு வந்தது. அந்த நட்சத்திரம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள இருபத்துநாலு நாள் ஆகிறது. எங்கள் கிரகத்துக்குப் பன்னிரண்டு நாள். சரியாகப் பாதி. நட்சத்திரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கரும்புள்ளிக் கூட்டங்கள். அது ஒரு சுற்றுச் சுற்றும்போது எங்கள் கணக்கில் இரண்டாக விழுந்திருக்கிறது. நாலு வருஷமாக நான் பார்த்தது இன்னொன்று இழுக்கும் அசைவை அல்ல. நட்சத்திரத்தின் சொந்தச் சுழற்சியைத்தான் இரட்டித்துப் பார்த்திருக்கிறேன்.

அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் பக்கத்தில் கிடந்தது. நூற்று நாற்பத்து நாலு என்ற எண் கண்ணில் பட்டது. அதில் பாதி எழுபத்திரண்டு. அது பெரியவர்களின் நாடி, அக்கா. உன் நாடி. நீ மாடி ஏறினால் அது ஏறுகிறது. நீ படுத்தால் அது இறங்குகிறது. நீ கோபப்பட்டால் அது பாய்கிறது. குழந்தையின் துடிப்பு அப்படி அம்மாவோடு சேர்ந்து ஆடாது, அது தன்பாட்டில் ஓடும். அந்தக் கருவி உன் வயிற்றில் ஓடும் உன் ரத்தத்தின் சத்தத்தைப் பிடித்து, ஒரு துடிப்பை இரண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறது. நீ கேட்டது அவளை அல்ல, உன்னை.

இப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். சொந்த அசைவை எப்படிக் கழிப்பது என்பதுதான் என் படிப்பே. நானே வாங்கி அனுப்பினேன். நீ எழுதியதைப் படித்துவிட்டு அழுதுகொண்டு நின்றேன்.

குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. அவள் நன்றாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, அந்தக் கருவிக்கும் தெரியாது. அசைவு குறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

அத்தானுக்கு ஆபீஸ் இணையத்திலிருந்து செய்தி மேல் செய்தி போட்டிருக்கிறேன். எல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. புயலில் காரைக்கால் முழுக்கக் கரண்டும் டவரும் இல்லை என்று செய்தியில் சொல்கிறார்கள். உன் போன் எனக்கு எப்போதும்போல மூடியிருக்கிறது. இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியவில்லை. இருந்தாலும் கீழே இறங்கும் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். எது முதலில் வந்து சேர்கிறதோ சேரட்டும்.

போ, அக்கா. திரையைத் திருப்பினால் திருப்பட்டும். போ.

மதி

---

தருமபுரம்
2 டிசம்பர் 2025

மதி,

புயல் தாண்டிவிட்டது. நம் தெருவில் வேப்பமரம் ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அத்தான் விடிந்ததும் வயலைப் பார்க்கப் போயிருக்கிறார். மாமியார் மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்துவிட்டார். மத்தியான வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தபாலாபீஸ் திறந்ததும் போடச் சொல்கிறேன்.

மின்விசிறி, மோட்டார், டிவி எதுவும் ஓடாததால் ஊரே அமைதியாக இருக்கிறது. அதனால் குட்டியின் துடிப்பு இப்போது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. கருவி பேட்டரியில் ஓடுவது நல்லதாகப் போயிற்று. காலையிலிருந்து ரொம்ப நேரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தாலாட்டுக்கூடப் பாடினேன், மாமியார் காதில் விழாமல். நான் பாடப் பாட அவள் நிதானமாகிக்கொண்டே வந்தாள். நூற்று முப்பத்தெட்டு.

நேற்றிலிருந்து புரளவில்லை. நன்றாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது.

இப்போது எனக்குப் பயமே இல்லை, மதி. ஏன் என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை. வாசலில் யாரோ கத்துகிற சத்தம், அத்தான் குரல் மாதிரி இருக்கிறது. வைத்துவிட்டு வருகிறேன்.

---

லடாக்
5 டிசம்பர் 2025

அக்கா,

இரண்டாம் தேதி மத்தியானம் இரண்டு டிக் விழுந்தது. நீலமும் ஆயிற்று. அப்புறம் பதில் இல்லை. அத்தானின் போன் அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம். கிரகம் இல்லை என்று நாங்கள் எப்போதும் எழுதுவதில்லை. இந்த எடைக்கு மேல் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் எழுதுவோம். அதற்குக் கீழே ஏதாவது இருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாதையில் பனி. வண்டி கிடைத்ததும் கிளம்புவேன். அதுவரை கைக்கு வேறு வேலை தெரியாமல் எழுதுகிறேன். திட்டியாவது ஒரு வரி போடு.

மதி

---

தஞ்சாவூர், ஆஸ்பத்திரியிலிருந்து
16 டிசம்பர் 2025

மதி,

அத்தான் உனக்குப் போனில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டதாகச் சொன்னார். வண்டி கிடைக்காமல் நீ இன்னும் மலைமேலேயே இருக்கிறாய் என்றும் சொன்னார். உன் கடிதங்களை இங்கே கொண்டுவந்து கொடுத்தார். மீதியை நான் எழுதுகிறேன். பார்க்க வந்திருக்கும் மஹ்பூபாவிடம் பேனா வாங்கி எழுதுகிறேன், அங்கங்கே விட்டுவிட்டு எழுதுவேன், கோத்துப் படித்துக்கொள்.

வயலிலிருந்து திரும்பும்போது கோட்டுச்சேரி தாண்டி எங்கேயோ அவர் போனுக்குக் கொஞ்சம் சிக்னல் வந்திருக்கிறது. உன் செய்திகள் கொத்தாக விழுந்திருக்கின்றன. கடைசியாக வந்தது, "அது அக்காவோட நாடி அத்தான்." சேற்றுக்காலோடு வந்து என்னைத் தூக்காத குறையாகக் காரில் ஏற்றினார். நான் அவரை அடித்தேன். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "கேளுங்க, கேளுங்க" என்று வழியெல்லாம் கத்தினேனாம். எனக்கு அது ஞாபகமில்லை. கூடவே காரில் ஏறிக்கொண்ட மஹ்பூபா என் இன்னொரு கையைப் பிடித்து, மணிக்கட்டில் விரலை வைத்து, "இங்க பாருங்கக்கா, ரெண்டும் ஒண்ணாத்தான் அடிக்குது" என்றாள். அது ஞாபகமிருக்கிறது.

அதே ஸ்கேன் அறை. பேசிக்கொண்டிருந்தவர்கள் அதேபோல் பேச்சை நிறுத்தினார்கள். இந்த முறை திரையைத் திருப்பவில்லை. திருப்ப நேரமில்லை. அவளுக்கு ரத்தம் விட்டு விட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. இங்கே கொண்டுவந்து அறுத்து எடுத்தார்கள்.

பெண்தான். ஒரு கிலோவைத் தொடவில்லை. பெயர் வைக்கவில்லை, வைக்கவும் போவதில்லை, இப்போதைக்கு.

இரண்டு வாரமாக ஒரு சிவப்பு விளக்குக்குக் கீழே கிடக்கிறாள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டால்தான் குளிர் காய முடியும் என்று நீ எழுதினாயே, அப்படித்தான். அடிக்கடி மூச்செடுக்க மறந்துவிடுகிறாள். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினால் ஞாபகம் வந்து எடுக்கிறாள். அது என் வேலை. டாக்டரிடம் கேட்டால், "இன்னிக்கு இருக்கா. நாளைக்கி நாளைக்கிக் கேளுங்க" என்கிறார். பக்கத்துத் தொட்டிலில் இருந்த பிள்ளையைக் காணவில்லை. அந்த அம்மாவையும் காணவில்லை. நான் கேட்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. நீ அனுப்பியதை நம்பித்தான் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே தாலாட்டுப் பாடிக்கொண்டு கிடந்திருக்கிறேன், மதி! அதை நினைத்தால் வெட்கத்தில் உடம்பு கூசுகிறது. நீதான் கண்டுபிடித்தும் சொன்னாய், அதுவும் தெரிகிறது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அந்த நிம்மதியை மறுபடி யாராவது கொடுத்தால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன் என்றுதான் தோன்றுகிறது.

இன்று காலைதான் அவளை முதல்முதலாக என்னிடம் கொடுத்தார்கள். துணியில்லாமல் என் நெஞ்சோடு வைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். "அம்மா சூடு வேணும், அசையாம இருங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள். இந்த வரியை அவள் தலைக்கு மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

உள்ளே ஏதோ அடித்துக்கொள்கிறது. சில நேரம் வேகமாக, சில நேரம் நின்று நின்று. எது என்னுடையது, எது அவளுடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சற்று முன்பு ஒன்று நின்றுபோன மாதிரி இருந்தது. காலைச் சுண்டினேன். அவளா நானா என்று தெரியாமலே சுண்டினேன்.

அப்படிப் பிரித்துச் சொல்ல உனக்குத்தான் தெரியும். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இதற்குப் பதில் எழுதாதே, கிளம்பி வா.

அக்கா